பிரிக்காத இன்ஜின் என்னும் பொய்ப் பெருமை

பழைய பைக் விற்பவர்களின் விளம்பரத்தில் மூன்று விஷயங்கள் தவறாமல் இருக்கும்: சிங்கிள் ஓனர், இன்சூரன்ஸ் கரன்ட், இன்ஜின் பிரிக்காதது. முதல் இரண்டையும் ஆர்.சி.யையும் பாலிசியையும் வாங்கிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதற்கு எந்தக் காகிதமும் கிடையாது. அது ஒரு கற்புச் சான்றிதழ். விற்பவரே எழுதி, விற்பவரே கையெழுத்துப் போட்டுக்கொள்வது. வாங்க வருகிறவரும் டயரைப் பார்க்கும் முன், செயினைத் தொட்டுப் பார்க்கும் முன், இதைத்தான் கேட்கிறார்: “இன்ஜின்ல கை வெச்சிருக்கா?” ஆமாம் என்று உண்மையைச் சொன்னால் அந்த இடத்திலேயே விலை சில ஆயிரம் இறங்கிவிடும். அதனால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஊர் முழுக்க வேரோடிய ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒருமுறை பிரித்த இன்ஜின் பழையபடி வராது. கம்பெனி ஃபிட்டிங் கம்பெனி ஃபிட்டிங்தான். கை வைத்துவிட்டால் அப்புறம் செலவு நிற்காது. ஆகவே புகை தட்ட ஆரம்பித்ததும் யார் தலையிலாவது கட்டிவிட்டுப் புது வண்டி எடுத்துவிடு. டீக்கடையில் சொல்கிறார்கள், ஆபீஸில் சொல்கிறார்கள், மாமனார் மருமகனுக்குச் சொல்கிறார். ஸ்பேனர் பிடித்தே பிழைக்கும் மெக்கானிக்குகளில்கூடச் சிலர் சொல்கிறார்கள். நான் இதை மூடநம்பிக்கை என்கிறேன். நல்ல வண்டியை அற்ப ஆயுளில் சாகடிப்பதும், கெட்ட வண்டியை நல்ல விலைக்கு விற்க வைப்பதும், மாதச் சம்பளக்காரனைத் தேவையில்லாத கடனில் தள்ளுவதும் இந்த மூடநம்பிக்கைதான்.

நான் பேசுவது ரேஸ் வண்டியைப் பற்றியல்ல. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994இல் வந்த ஸ்பிளெண்டர், அவற்றின் வழியில் வந்த பேஷன், ஸ்டார் சிட்டி, விக்டர் வகையறா. பால் கேன் கட்டிக்கொண்டு போவது, மேஸ்திரி கொத்து வேலைக்குப் போவது, மெடிக்கல் ரெப் ஊர் ஊராகச் சுற்றுவது, அப்பா மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவது எல்லாம் இவற்றில்தான். இந்த நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் பத்து, பதினைந்து, இருபது வயதானவை இன்றும் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றின் கதியைத்தான் இந்த ஒரு நம்பிக்கை தீர்மானிக்கிறது.

பிரிப்பதற்கென்றே செய்த பொருள்

ஸ்பிளெண்டரின் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். ஒரே சிலிண்டர். குறுக்களவு 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மில்லிமீட்டர். கொள்ளளவைக் கணக்கிட்டால் 97.2 சிசி. அலுமினிய பிளாக்குக்கு உள்ளே வார்ப்பிரும்பு லைனர். அந்த லைனரை உரசிக்கொண்டு பிஸ்டனில் மாட்டிய ரிங்குகள் ஏறி இறங்குகின்றன. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை உரசினால் தேயத்தான் செய்யும். இதை இன்ஜினை வடிவமைத்தவர்களும் அறிவார்கள். அதனால்தான் லைனரைக் கனமாக வைத்தார்கள். தேய்ந்தால் சற்றே கடைந்து, சற்றே பெரிய பிஸ்டனைப் போட்டுக்கொள்ளட்டும் என்று.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். பிஸ்டன் செட் என்றதும் கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: “ஸ்டாண்டர்டா, ஓவர்சைஸா?” 0.25, 0.50, 0.75, 1.00 என்று கால் கால் மில்லிமீட்டராக அளவு வைத்திருப்பார். ஒவ்வொரு அளவும் அந்த இன்ஜினுக்கு இன்னொரு ஆயுள். நான்காவது அளவுவரை கடைந்த பிறகும் சிலிண்டரின் குறுக்களவு 51 மில்லிமீட்டர்தான். கொள்ளளவு 101 சிசிதான். அதையும் தாண்டித் தேய்ந்தால் புது லைனர் இறக்கலாம், அல்லது பிளாக்கும் பிஸ்டனுமாகச் சேர்ந்து வரும் கிட் வாங்கிப் பொருத்தலாம். பிரிக்கவே கூடாத இன்ஜினுக்கு இத்தனை அளவில் பிஸ்டன் எதற்கு? அலமாரியில் அழகு பார்க்கவா?

இன்னொன்று. இந்த இன்ஜினில் கார்களில் இருப்பது போலக் கழற்றி எறியும் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கிராங்கின் முனையில் ஒரு சுழல் ஃபில்டர் இருக்கிறது. ஆயிலில் உள்ள இரும்புத் துகளும் கரியும் சுழற்சி வேகத்தில் அதன் ஓரத்தில் போய்ப் படியும். அதைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் வலது பக்க கிளட்ச் கவரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இது வண்டியோடு வரும் பராமரிப்பு அட்டவணையில் உள்ள வேலை. ‘இன்ஜின்ல கை வெக்காத வண்டி’ என்று மார்தட்டும் உரிமையாளரின் வண்டியில் பத்து வருஷத்துக் கசடு களிமண்ணாக இறுகிக் கிடக்கும். அதைத்தான் நாம் பெருமை என்று விலை கொடுத்து வாங்குகிறோம்.

லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நாம் இந்தத் தீட்டு பார்ப்பதில்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி வைத்திருப்பவர்களிடம் ‘இன்ஜின் பிரித்த லாரி’ என்று இளக்காரமாகச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். லாரி என்றால் இன்ஜின் வேலை வரும், செய்வார்கள், மறுபடி லோடு ஏற்றுவார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பதற்கென்றே பணிமனைகள் வைத்திருக்கின்றன. திருச்சி பொன்மலைப் பணிமனையில் டீசல் ரயில் இன்ஜின்களைக் காலமுறைப்படி அக்கு அக்காகக் கழற்றிப் பூட்டுகிறார்கள். அந்த ரயிலில் ஏறும்போது யாரும் ‘இது பிரித்த இன்ஜின்’ என்று இறங்கிக்கொள்வதில்லை. ஆயிரம் பேரை இழுக்கும் இன்ஜினைப் பிரிக்கலாம். இரண்டு பேரை இழுக்கும் இன்ஜினைப் பிரித்தால் போச்சாம்!

நம்பிக்கை எங்கிருந்து வந்தது

எந்த மூடநம்பிக்கையும் வெறும் காற்றில் முளைப்பதில்லை. பிரித்த இன்ஜின் கெட்டுப்போனதைப் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது பிரித்ததால் கெட்டதை அல்ல. அளக்காமல் பிரித்ததால் கெட்டதை.

ஹாஃப் இன்ஜின் வேலை என்று நம் ஊரில் சொல்வது ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றிச் செய்வது. அது கெடுகிற விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கழற்றிய பிளாக்கின் உள்சுவரில் விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் நகம் தட்டும். அதற்கு மேலே ரிங் ஏறுவதில்லை, அதனால் தேய்மானமும் இல்லை. அதற்குக் கீழே தேய்ந்து குழிந்திருக்கிறது. அந்த இரண்டும் சந்திக்கும் வரம்புதான் நகத்தில் தட்டியது. அதோடு, தேய்மானம் வட்டமாகவும் நடப்பதில்லை. பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்துவதால் சிலிண்டர் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். இப்படிப்பட்ட சிலிண்டரில் கடையாமல் புது ரிங்கை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? வட்டமான ரிங் கோணலான சுவரில் எப்படி ஒட்டும்? இடைவெளி வழியாக ஆயில் மேலே போகும், புகை தொடரும். மேல் ரிங் அந்த வரம்பில் முட்டி உடைவதும் உண்டு. அடுத்த மாதமே வண்டி மறுபடி ஷெட்டில் நிற்கும். “நான் அப்பவே சொன்னேன்ல, பிரிச்சா வராதுன்னு” என்று நாலு பேர் கூடி நிற்பார்கள்.

இந்த ரிங் வேலையை மெக்கானிக் ஏன் செய்தார்? பல நேரங்களில் நாம் செய்யச் சொன்னதால்.

“அண்ணே, காலைல விடறேன், சாயந்திரம் ட்யூட்டிக்குப் போகணும், முடிச்சுக் குடுத்துருங்க.”

“பிளாக்கை லேத்துக்கு அனுப்பணும் தம்பி. ரெண்டு நாளாவது ஆகும்.”

“அதெல்லாம் வேணாம்ணே. ரிங் மட்டும் போட்டு ஓட்டி விடுங்க. பட்ஜெட் இல்ல.”

இந்த உரையாடல் நடக்காத மெக்கானிக் ஷெட் தமிழ்நாட்டில் இருக்காது. லேத்துக்குப் போகாத பிளாக், விலை மலிந்த டூப்ளிகேட் பிஸ்டன், கழற்றிய கேஸ்கெட்டையே பேஸ்ட் தடவி மறுபடி வைப்பது, டைமிங் செயினைப் பார்க்காமலேயே மூடுவது. இத்தனையும் செய்துவிட்டுப் பழியை மட்டும் ‘பிரித்தது’ என்ற வினையின் மேல் போடுகிறோம்.

மெக்கானிக்குகளையும் முழுக்கத் தப்பவிட முடியாது. கேட்காமலே டூப்ளிகேட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டரின் குறுக்களவை அளக்கும் போர் கேஜ் என்ற ஒன்றைத் தொட்டே பார்க்காமல், கையால் பிஸ்டனை ஆட்டிப் பார்த்து “0.50 போதும்” என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அதைக் கை சொல்லாது, கண் சொல்லாது. அளவுக்கருவி மட்டுமே சொல்லும்.

சரியான வேலை எப்படி இருக்கும்

சரியாக நடக்கும் வேலையில் ரகசியம் ஒன்றும் இல்லை, வரிசை மட்டும்தான். பிளாக்கை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். ஆறு அளவு. அதில் மிக அதிகமான தேய்மானத்தை வைத்துத்தான் எந்த ஓவர்சைஸ் என்று முடிவாகும். பிறகு பிஸ்டனை முதலில் வாங்கி, பிளாக்கோடு சேர்த்து லேத்தில் கொடுக்க வேண்டும். நல்ல லேத்காரர் கையில் பிஸ்டன் இல்லாமல் போர் அடிக்க, அதாவது பிளாக்கைக் கடைய, சம்மதிக்க மாட்டார். ஏனென்றால் டப்பாவில் அச்சிட்ட அளவுக்கு அல்ல, அந்தப் பிஸ்டனின் உண்மையான அளவுக்குத்தான் அவர் கடைய வேண்டும். கடைந்த பின் ஹோனிங். சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் விழ வேண்டும். ஆயில் தங்கி நிற்பது அந்தக் கீறல்களில்தான். கண்ணாடி போலப் பளபளக்கும் சிலிண்டரைக் காட்டி யாராவது பெருமைப்பட்டால் நம்பாதீர்கள்.

அடுத்த வேலையைத்தான் பெரும்பாலான ஷெட்டுகளில் விட்டுவிடுகிறார்கள். ஹோனிங் கல்லின் பொடி அந்தக் கீறல்களுக்குள் ஒளிந்திருக்கும். பெட்ரோலில் அலசினால் அது போகாது. சோப்புத் தண்ணீரும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைக்க வேண்டும். துணியில் கறுப்பு ஒட்டாத வரை துடைக்க வேண்டும். கழுவாமல் பூட்டினால் உப்புத்தாளை உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான். புது ரிங் சில நூறு கிலோமீட்டரிலேயே பழசாகிவிடும். பிறகு ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். பிஸ்டனில் மாட்டும்போது ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது. ஹெட்டில் வால்வுகளைப் பேஸ்ட் வைத்து லேப்பிங் செய்து, வால்வு சீல்களை மாற்றி, டைமிங் செயினையும் டென்ஷனரையும் பார்த்து, புது கேஸ்கெட் வைத்து, டேப்பட் இடைவெளி வைத்து மூட வேண்டும்.

அதன் பின் பொறுப்பு உங்களுடையது. முதல் 500 கிலோமீட்டர் புது வண்டி போலவே நடத்த வேண்டும். முறுக்கக் கூடாது, மூன்று பேர் ஏறக் கூடாது, பைபாஸில் ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டே போகக் கூடாது. அது முடிந்ததும் ஆயிலை மாற்றிவிட வேண்டும். இப்படிச் செய்த இன்ஜின் பழையபடி வராது என்பவர்கள், அது ஏன் வராது என்பதற்கு ஓர் இயந்திரவியல் காரணம் சொல்லட்டும். கம்பெனி ஃபிட்டிங் என்பதும் ஒரு தொழிலாளியின் கையும் ஓர் அளவுக்கருவியும் சேர்ந்ததுதானே தவிர, மந்திரம் அல்ல.

பிரிக்கும் முன் பார்க்க வேண்டியது

பிரிக்கப் பயப்படுகிற அதே ஊர்தான், பிரிக்கத் தேவையே இல்லாத வண்டியையும் ‘இன்ஜின் போச்சு’ என்று தள்ளிவிடுகிறது. புகை என்றால் எல்லாம் ஒரே புகை என்று நினைப்பதால் வரும் வினை இது. கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகிறது என்று பொருள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், சோக் முழுதாகத் திரும்பியிருக்காது, கார்புரேட்டரில் கோளாறு இருக்கும். இன்ஜினைத் தொடவே வேண்டாம். காலையில் கிக் அடித்ததும் ஒரு மூச்சு நீலப்புகை வந்து பிறகு நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஹெட் வேலையோடு முடியும். வண்டி சூடான பிறகும், முறுக்க முறுக்க நீலமும் வெளுப்புமாகப் புகைந்துகொண்டே இருந்தால்தான் ரிங், பிஸ்டன் பக்கம் சந்தேகப்பட வேண்டும். குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து வரும் வெள்ளை ஆவி வெறும் நீராவி. அதற்காக வண்டியை விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சந்தேகம் தீர ஒரு எளிய சோதனை உண்டு. கம்ப்ரஷன் கேஜ் வைத்து அழுத்தம் பார்க்க வேண்டும். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் நன்றாக ஏறினால் கசிவு ரிங் வழியே; ஏறவில்லையென்றால் வால்வு வழியே. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் “புகையுது, வித்துடு” என்று சொல்வது காய்ச்சல் பார்க்காமல் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்குச் சமம்.

பயத்தின் விலை

தேய்ந்த ரிங்கோடு பிரிக்காமல் ஓட்டும் வண்டி ஆயில் குடிக்கும். இந்த 100 சிசி இன்ஜின்களில் மொத்த ஆயிலே ஒரு லிட்டர் அளவுதான். ஆயில் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கும் இவற்றில் பெரும்பாலும் கிடையாது. டிப் ஸ்டிக் ஒன்றுதான் சாட்சி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து, துடைத்த டிப் ஸ்டிக்கைத் திருகாமல் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாதவர்களே மிகுதி. ஆயில் வற்றியதும் கேம் தேயும், கனெக்டிங் ராடு ஆடத் தொடங்கும், ஒருநாள் நடுரோட்டில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு நிற்கும். ஐந்தாறாயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய ஹாஃப் இன்ஜின், கிராங்க்வரை பிரிக்கும் ஃபுல் இன்ஜினாக மாறி அதைப் போல இரண்டு மடங்கைக் கேட்கும். அப்போது ‘பார்த்தாயா, பழைய வண்டி செலவு வைக்கும்’ என்பார்கள். செலவு வைத்தது வண்டியின் வயதா, தள்ளிப்போட்ட பயமா?

இனி, புது வண்டி எடுப்பவரின் கணக்கைப் பார்ப்போம். 80,000 ரூபாய் கடன், பிளாட் வட்டி 10 சதவீதம், மூன்று ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 24,000. திருப்பிக் கட்டுவது 1,04,000. மாதத் தவணை கிட்டத்தட்ட 2,900. பிளாட் 10 சதவீதம் என்று காதில் விழுவது, குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 18 சதவீதம். ‘புது வண்டி மைலேஜ் தரும், அதிலேயே தவணை கழிந்துவிடும்’ என்பது அடுத்த கதை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவரின் பழைய வண்டி 50 கொடுக்கிறது, புதியது 65 கொடுக்கும் என்றே வைப்போம். பழையதற்கு 20 லிட்டர், புதியதற்கு 15.4 லிட்டர். மிச்சம் 4.6 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 460 ரூபாய். 460 ரூபாய் மிச்சம் பிடிக்க 2,900 ரூபாய் கட்டுவதை என்ன கணக்கு என்பது? ஒழுங்காகச் செய்த ஹாஃப் இன்ஜின் வேலைக்கு ஆகும் பணம் இரண்டு மாதத் தவணை. மீதி 34 மாதத் தவணை முழுக்க அந்த நம்பிக்கைக்குக் கட்டும் வரி.

எதிர்வாதங்கள்

நியாயமான எதிர்வாதங்கள் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 வண்டிகள் பழையவற்றைவிடக் குறைவாக மாசு செய்கின்றன என்பது உண்மை. ஆனால் பழைய வண்டிகளிலும் காற்றை அதிகம் கெடுப்பது, பிரிக்கப் பயந்து ஆயிலை எரித்துக்கொண்டு ஓடும் வண்டிதான். நீங்கள் விற்றுவிட்டால் அது மாயமாகிவிடுகிறதா? உங்கள் தெருவை விட்டு வேறொரு தெருவில், இன்னும் வசதி குறைந்த ஒருவரின் கையில் அதே புகையோடு ஓடுகிறது. புகையை நிறுத்துவது இன்ஜின் வேலைதான், கைமாற்றம் அல்ல.

பிரேக் பற்றிய வாதம் இதைவிட வலுவானது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் பிரேக்கோ ஏ.பி.எஸ்.ஸோ கட்டாயமானது. பழைய டிரம் பிரேக்கில் அது இல்லை. இதை ஒத்துக்கொண்டு, ஷூவையும் கேபிளையும் டயரையும் நேரத்துக்கு மாற்றி, வேகத்தை அடக்கி ஓட்டுவதுதான் வழி. எத்தனால் கலந்த பெட்ரோலும் உண்மையான தொல்லையே. 20 சதவீதக் கலவையை எண்ணி அந்தக் கால ரப்பர் பாகங்களைச் செய்யவில்லை. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் வரை எரிபொருள் சிக்கனம் குறையும் என்று கணித்தது. பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் மாற்றிக்கொள்ளுங்கள்; நெடுநாள் நிறுத்திவைப்பதென்றால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு நூறுகளில்தான்.

‘பதினைந்து வருஷம் ஆனால் உடைத்துவிட வேண்டும்’ என்பது எதிர்வாதமே அல்ல, வதந்தி. பதினைந்து ஆண்டு முடிந்த பெட்ரோல் வண்டிக்குத் தடை என்பது டெல்லி வட்டாரத்துக்குப் பிறந்த உத்தரவு. கட்டாயமாக உடைக்கச் சொல்லி 2023இல் வந்த விதி அரசு வாகனங்களுக்கானது. தமிழ்நாட்டில் உங்கள் பைக்கை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். போர் அடித்தால் ஆர்.சி.யில் சிக்கல் வரும் என்ற பயமும் வேண்டாம். இன்ஜின் நம்பர் பொறித்திருப்பது கிராங்க் கேஸில். கடைவதும் மாற்றுவதும் பிளாக்கை.

கைவிட வேண்டிய வண்டிகளும் உண்டு. விபத்தில் சேஸ் வளைந்தது, சேஸிலேயே துரு ஓட்டை போட்டது, பாகமே கிடைக்காத மாடல். சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடியும் கிடைக்காவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். வண்டியின் முதுகெலும்பு போய்விட்டால் மரியாதையாக விடை கொடுக்கலாம். ரிங் தேய்ந்ததற்கு மரண தண்டனை கொடுக்கக் கூடாது.

கேள்வியை மாற்றுவோம்

இந்த நம்பிக்கையின் மிகப் பெரிய கேடு, அது நேர்மையைத் தண்டிக்கிறது என்பதுதான். ஒழுங்காகப் போர் அடித்து, நல்ல பிஸ்டன் போட்டு, சிரத்தையாக ஓட்டியவர் அதைச் சொன்னால் விலை குறைகிறது. அதனால் பில்லைக் கிழித்துப் போடுகிறார். ஆயில் எரிந்துகொண்டிருக்கும் வண்டிக்காரரோ விற்பதற்கு முதல் நாள் கெட்டியான ஆயிலை ஊற்றி, புகையை இரண்டு நாளைக்கு அடக்கி, ‘இன்ஜின் பிரிக்காதது’ என்று எழுதிக் கூடுதல் விலை வாங்கிக்கொள்கிறார். வாங்கியவர் ஏமாந்ததும் ‘பழைய வண்டியே ஆகாது’ என்கிறார். பொய்க்குப் பரிசும் உண்மைக்கு அபராதமும் விதிக்கும் சந்தையை நாம்தான் நடத்துகிறோம்.

ஆகவே மெக்கானிக் அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேலை முடிந்ததும் என்ன ஓவர்சைஸ், எந்தத் தேதி, எத்தனையாவது கிலோமீட்டர் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் தொழிலின் மேல் விழுந்த பழி அதில்தான் துடைபடும். வண்டி வைத்திருப்பவர்களுக்கு: ரிங் மட்டும் போடச் சொல்லி நெருக்காதீர்கள், இரண்டு நாள் பஸ்ஸில் போங்கள், அந்தச் சீட்டை ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள். விற்கும்போது அதை முதலில் எடுத்துக் காட்டுங்கள். வாங்குபவர்களுக்கு: ‘இன்ஜின்ல கை வெச்சிருக்கா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். எப்போது பிரித்தது, யார் செய்தது, என்ன அளவு, பில் எங்கே என்று கேளுங்கள். பதினைந்து வயது வண்டியை எவராவது பிரிக்கவே இல்லை என்றால், அவர் பொய் சொல்கிறார், அல்லது செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் உங்கள் தலையில் கட்டுகிறார். இரண்டுக்கும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அளந்து பிரித்து, பில்லோடு நிற்கும் இன்ஜினுக்குக் கொடுங்கள்.